பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கப் போனேன்

முன்னாள் அமைச்சர் ஒருவரின் தன்வரலாற்றை எழுதிக் கொடுக்கும் வேலையில் இரண்டு ஆண்டு நான்கு மாதம் இருந்தேன். சென்னையிலிருந்து 37 முறை அவர் ஊருக்குப் போய் வந்தேன். 71 மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தேன். 386 பக்கம் எழுதி முடித்தேன். புத்தகம் வரவில்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. பத்திரிகையில் துணையாசிரியராக இருந்து, வேலையை விட்டபின் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்தும் மொழிபெயர்த்தும் காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களில் யாருக்காவது நாளை இப்படி ஓர் அழைப்பு வரலாம். எனக்கு வந்தபோது விவரம் சொல்ல ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஆள் "பெரிய வாய்ப்பு, விட்டுவிடாதே" என்றுதான் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரையும் ஊரையும் துறையையும் சொல்லப்போவதில்லை. அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

எண்பத்தொரு வயதில் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுபதுகளின் கடைசியில் சட்டமன்றத்துக்குப் போனவர், பின்னால் அமைச்சரானவர். நான் பத்திரிகையில் எழுதியிருந்த ஒரு கட்டுரையை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முதல் நாள் போனவுடன் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருடைய மனைவி, "முதலில் சாப்பிடம்மா, மற்றதெல்லாம் பிறகு" என்று இலை போட்டுவிட்டார். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது பெரியவர், "மூன்று லட்சம் கொடுத்துவிடுகிறேன். மூன்று தவணை. நீ எனக்கு மகள் மாதிரி, உன்னிடம் எழுதி வாங்கவா போகிறேன்?" என்றார். உள்ளேயிருந்து ஒரு கவர் வந்தது. 50,000 ரூபாய் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அளவுக்குப் பணம் ஒரே நேரத்தில் என் கைக்கு வந்து வெகுநாளாகியிருந்தது.

அந்த 'மகள் மாதிரி' என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவர் அதைச் சூழ்ச்சியாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். ஆனால் மகள் தகப்பனிடம் தவணை கேட்க முடியாது. இரண்டாவது தவணை எப்போது, எந்தக் கட்டத்தில் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு 25,000 கொடுத்தார், தவணையாக அல்ல, பொங்கல் சீர் போல, வெற்றிலை பாக்கோடு. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு ரூபாயும் வரவில்லை. போக்குவரத்துச் செலவைப் பற்றி இரு பக்கமும் பேசவே இல்லை. இந்த வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளிலேயே, சாப்பிட உட்காருவதற்கு முன்பே, நான்கு விஷயங்களைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்: மொத்தத் தொகை, அது எந்தெந்தக் கட்டத்தில் வரும், பயணச் செலவு யாருடையது, தட்டச்சுச் செலவு யாருடையது. கடைசித் தவணையை 'புத்தகம் வெளிவந்ததும்' என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். புத்தகம் வெளிவருவது உங்கள் கையில் இல்லை. கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்கும் நாளோடு உங்கள் வேலை முடிகிறது, பணமும் அன்றே முடிய வேண்டும்.

பதிவு செய்வதில் நான் செய்த தவறுகள் சின்னவை, ஆனால் செலவு வைத்தவை. முதல் ஆறு மணி நேரப் பதிவில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது, பெரியவர் குரல் அதற்கு அடியில் எங்கோ ஓடியது. தட்டச்சு செய்து கொடுத்தவர் மணிக்கு 500 ரூபாய் வாங்கினார். அந்த ஆறு மணி நேரத்துக்கும் வாங்கினார், அதில் பாதி வெறும் புள்ளிக்கோடுகளாக வந்தது. ரெக்கார்டரை மேசை மேல் வைக்காமல் ஒரு மடித்த துண்டின் மேல் வைத்தால், மேசையின் அதிர்வு ஏறாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், உடன் இருப்பவர்கள் யார் என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். நான் பத்தாவது அமர்விலிருந்துதான் அப்படிச் செய்தேன். பின்னால் ஒரு வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்தபோது, தேதி சொல்லாத அந்த ஒன்பது பதிவுகளும் என்றைக்கு எடுத்தவை என்று நிரூபிக்க நான் ரயில் டிக்கெட்டுகளைத் தேட வேண்டியதாயிற்று. உடன் யார் இருக்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம். அவருடைய பழைய உதவியாளர் பக்கத்தில் இருக்கும் நாளில் பெரியவர் மேடையில் பேசுவது போலவே பேசுவார். அவர் இல்லாத நாளில் குரல் இறங்கும், வாக்கியங்கள் குட்டையாகும். உண்மையெல்லாம் அந்தக் குட்டை வாக்கியங்களில்தான் இருந்தது. உதவியாளர் உரம் வாங்க டவுனுக்குப் போகும் கிழமையை விசாரித்துக்கொண்டு, அன்றைக்கே போகப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். அமைச்சராக இருந்த காலத்தில் காலையில் வீட்டு வாசலில் வாங்கிய மனுக்களில், தான் எதுவும் செய்யாமல் விட்டவற்றை மட்டும் அதில் போட்டு வைத்திருந்தார். செய்து கொடுத்தவை கோப்பில் போய்விட்டனவாம், இவை மட்டும் தங்கிவிட்டன. மேலே இருந்ததை எடுத்தார். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கிய பிறகு அமைப்பாளர் வேலை கேட்டு ஒரு கைம்பெண் எழுதிய மனு. கோடு போட்ட நோட்டுத்தாள், நீல மை, இரண்டு இடத்தில் தண்ணீர் பட்டு ஊறியிருந்தது. அந்த அம்மாள் நின்ற இடம், கட்டியிருந்த புடவையின் நிறம், இடுப்பில் இருந்த பிள்ளை என்று எல்லாம் சொன்னார். "பரிந்துரை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அன்று மாலை கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சட்டைப் பையில் வைத்தேன்" என்றார். பெட்டியை மூடச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. உயர்ந்த பதவியில் ஒரு மனிதனுடைய நாள் எப்படிக் கழிகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தத் தாள்தான். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு, பணம் வராவிட்டாலும் இதை எழுதி முடிப்பேன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். தொழில் என்று பார்த்தால் அது தவறான முடிவு. மனுஷி என்ற முறையில் அதற்காக வருந்தவில்லை.

இப்படிப்பட்ட ஞாபகசக்தி உள்ளவர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடத் தோன்றும். நானும் நம்பினேன். 1980 பிப்ரவரி 17 அன்று தமிழகச் சட்டமன்றம் கலைக்கப்பட்டதைப் பற்றி அவர் சொன்ன பகுதி அற்புதமானது. அவை நடந்துகொண்டிருக்கிறது, பின்வரிசையில் இருக்கும் இவருக்கு ஒரு துண்டுச்சீட்டு வருகிறது, அதைப் படித்துவிட்டு மேலே சுழலும் மின்விசிறியைப் பார்க்கிறார். அத்தியாயத்தையே அந்தக் காட்சியில்தான் தொடங்கியிருந்தேன். வேறு ஏதோ தேதியைச் சரிபார்க்க 1980ஆம் ஆண்டு நாட்காட்டியை எடுத்தபோது, பிப்ரவரி 17 ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவை எப்படி நடக்கும்? இன்னொன்று: 1987இல் மேலவையில் ஒரு கேள்விக்குத் தான் சொன்ன பதிலை வரிக்கு வரி ஒப்பித்திருந்தார். தமிழக மேலவை 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு ஒழிந்துபோன ஒன்று.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தேன். "பொய் சொன்னேன் என்கிறாயா?" என்று கேட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. கடைசியில் எதுவும் சொல்லாமல் நாட்காட்டித் தாளை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கோபம் வரவில்லை. "அப்படியென்றால் அந்தச் சீட்டு வேறு என்றைக்கோ வந்தது. கலைத்த அன்று நான் ஊரில் இருந்திருக்கிறேன். ஆமாம், ரேடியோவில்தான் கேட்டேன். அப்பா வைக்கோல் போரில் இருந்தார். இறங்கி வந்து, இனி வயலைப் பார்ப்பாயா என்று கேட்டார்" என்றார். துண்டுச்சீட்டை விட இது எத்தனை மடங்கு உயர்ந்த காட்சி! தவறு என்று வாயால் சொல்லாதீர்கள், தாளைக் காட்டுங்கள். ஆவணத்தைப் பார்த்ததும் நினைவு தானாகவே இன்னொரு கதவைத் திறக்கும்.

சரிபார்க்க எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பழைய நாளிதழ்களுக்கு எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகள் சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அரசாணைகளுக்கும் பழைய அரசுப் பதிவுகளுக்கும் அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சட்டமன்றப் பேச்சுகளுக்கு அவை நடவடிக்கைக் குறிப்புகளின் அச்சுத் தொகுதிகள் உண்டு. பெரியவர் பேசினேன் என்று சொல்லும் ஒவ்வொரு பேச்சையும் அதில் பார்த்தே ஆக வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நாளை ஒப்பந்தத்திலேயே கணக்கில் சேருங்கள். எனக்கு இதற்கு மட்டும் முழுதாக 52 நாள் ஆயிற்று. அதற்குக் கூலி என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை.

அமைச்சர்கள் பதவி ஏற்கும்போது இரண்டு உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒன்று பதவிக்கானது, மற்றொன்று இரகசியக் காப்புக்கானது. அமைச்சர் என்ற முறையில் தன் பார்வைக்கு வந்த எதையும், கடமைக்குத் தேவைப்பட்டாலன்றி, யாரிடமும் நேராகவோ மறைமுகமாகவோ வெளியிட மாட்டேன் என்பது அதன் சாரம். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. பெரியவர் அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் ஆள்காட்டி விரலால் ரெக்கார்டரைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பார். நிறுத்தச் சொல்ல மாட்டார், தள்ளி மட்டும் வைப்பார். அந்த விரல் அசைவுக்கு ஒரு பொருள் உண்டு என்று எனக்கு உறைக்கப் பல மாதம் ஆயிற்று. அதற்குப் பின் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் மூன்று வண்ணத்தில் கோடு போட்டேன். அச்சில் ஏற்கெனவே உள்ளது பச்சை, அவருடைய சொந்த அனுபவமும் எண்ணமும் நீலம், அமைச்சரவைக்கோ கோப்புக்கோ உள்ளே நடந்தது சிவப்பு. சிவப்புக் கோடு விழுந்த பக்கங்களை ஒரு வழக்கறிஞர் படிக்காமல் வெளியே அனுப்பவே கூடாது. அரசு இரகசியச் சட்டம் 1923இல் வந்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது.

பிறரைப் பற்றிய பகுதிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இறந்துபோனவரைப் பற்றித்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் மேல் சாட்டும் பழியும் அவதூறாகலாம் என்று பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை யாராவது ஒருவரிடம் கேட்டாவது புரிந்துகொள்ளுங்கள். பொதுப் பதிவேடுகளில் உள்ளதை வெளியிட ஒருவருடைய சம்மதம் தேவையில்லை, அதைத் தாண்டி அவருடைய தனி வாழ்க்கைக்குள் போனால் பொறுப்பு எழுதியவர் தலையில் என்பதுதான் அதன் சுருக்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நடவடிக்கைக் குறிப்பில் ஒரு பக்க எண் கிடைத்தால் எனக்கு ஒரு குடம் பால் கிடைத்தது போல இருக்கும்.

என்னைக் கடைசியில் காப்பாற்றியது பெரியவருடைய ஒரு பழக்கம். அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால், படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் போட்டுத் தேதி எழுதிவிடுவார். கோப்பு பார்த்துப் பார்த்து ஊறிய பழக்கம், கை தானாகப் போகும். நான் கேட்டு நடந்ததல்ல. ஒன்பதாம் அத்தியாயத்தில், கட்சிக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நேர்மையான ஒரு வருவாய்த் துறை அதிகாரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லித் தான் எழுதியதை ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அதிகாரியின் மகளுக்கு அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. "அதை எழுதாமல் விட்டால் இந்தப் புத்தகமே எதற்கு?" என்று கேட்டவர் அவர். அந்த அத்தியாயத்தின் 22 பக்கத்திலும் ஒப்பம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், "படித்தேன். எதையும் குறைக்க வேண்டாம்" என்று நடுங்கிய கையெழுத்தில் ஒரு வரியும் இருக்கிறது.

386ஆவது பக்கத்தை நான் எழுதி முடித்த மாதத்தில் அவர் இறந்துபோனார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். சேதி தொலைக்காட்சியில்தான் தெரிந்தது. இரவு பஸ் ஏறிப் போனேன். பந்தலில் கட்சிக்காரர்கள் வரிசையாக மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெண்கள் பக்கம் பின்னால் நின்றேன். மறுநாள் செய்தித்தாள்களில் வந்த வாழ்க்கைக் குறிப்பில் அவர் முதலில் நின்ற தொகுதி தவறு, படித்த பள்ளி தவறு. சரியானது என் பையில் இருந்தது, கேட்பார் யாரும் இல்லை. அன்றைக்கு அழுதது அவருக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பெரிய மகன் கூப்பிட்டார். அரசியலில் இருப்பவர், அடுத்த தேர்தலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர். ஒன்பதாம் அத்தியாயம் இருக்கக் கூடாது என்றார். "அண்ணா, ஐயா அதைக் குறைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்" என்றேன். "அப்பா அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டார், நீங்களாக எழுதியது" என்றார். மகளோ முழுவதும் அப்படியே வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இளைய மகன் எதிலும் பட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிவுகள் அனைத்தையும் 15 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், ஒரு வரியும் வெளியிடக் கூடாது என்று. அந்த உறையைப் பிரித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. திருடியவளைப் போல என்னை நடத்தியதுதான் பணத்தை விடப் பெரிய அடி.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிறகுதான் புரிந்தது. குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி 2020 ஆகஸ்டில் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகளின் கடைசித் தொகுதி வெளிவரும் நேரத்தில், தன் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று மகனும், வீணாகத் தடை போடாதே என்று மகளும் ஊரறிய மாறிப் பேசிக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் புத்தகம் வந்தது. மௌலானா ஆசாத் உருதுவில் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய நூல், ஆசாத் இறந்த மறு ஆண்டு, 1959இல் வெளிவந்தது. ஆனால் சுமார் 30 பக்கங்களை ஆசாத் விருப்பப்படி முத்திரையிட்டுக் கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி ஆவணக் காப்பகத்திலும் வைத்து, அவர் இறந்து 30 ஆண்டு கழித்து 1988இல்தான் வெளியிட்டார்கள். எத்தனை தெளிவான ஏற்பாடு! எது இப்போது, எது பிறகு என்று சொன்னவரே உயிரோடு இருக்கும்போது தீர்த்துவிட்டார். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி இப்படி ஒரு யோசனையை நான் பெரியவரிடம் சொல்லியிருந்தால் நிச்சயம் ஒப்புக்கொண்டிருப்பார். எனக்கு அது தெரியாது.

நோட்டீஸுக்குப் பதில் எழுத வழக்கறிஞரிடம் போனேன். கட்டணம் 8,000. அவர் ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கினார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவர். அவர் பேசிய பேச்சு அவருடையது, நான் கட்டி எழுப்பிய எழுத்து வடிவத்தில் எனக்குப் பங்கு உண்டு, எழுதிக் கொடுத்துக் கையெழுத்திடாமல் அந்த உரிமை கை மாறாது. அவர் பங்கு இப்போது வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்து போயிருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை. ஆகவே அவர்கள் இல்லாமல் நான் வெளியிட முடியாது, நான் இல்லாமல் அவர்கள் என் எழுத்தை வெளியிட முடியாது. இந்த முட்டுக்கட்டை பல பத்தாண்டுகள் நீடிக்கக்கூடியது. பாக்கிப் பணம் கேட்டு வழக்குப் போடலாம், வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், ஆனால் மூன்றாண்டுக்குள் போட வேண்டும், நிரூபிக்க வேண்டியது நான். திண்ணையில் அன்று எங்களோடு இருந்தவர் அவருடைய மனைவி மட்டும்தான். அந்த அம்மாளைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வழக்குப் போடவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயணமும் தங்கலும் 66,600. தட்டச்சு 35,500. ரெக்கார்டர், ஹார்டு டிஸ்க் 11,000. நகல்கள் 4,300. வழக்கறிஞர் 8,000. ஆக 1,25,400. வந்தது 75,000. கையிலிருந்து போனது 50,400. வர வேண்டிய 2,25,000 வரவில்லை. அந்தக் காலத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மெய்ப்பு வேலைகளால் வழக்கமாக வேலை தந்துகொண்டிருந்த இரண்டு இடங்கள் என்னை மறந்துபோயின. அவை திரும்ப வர இன்னும் ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டு அம்மாவின் வளையல் அடகில் இருந்தது.

முடிவில் என் வழக்கறிஞரே ஒரு வழி சொன்னார். 71 மணி நேரப் பதிவையும் மூன்று பிள்ளைகளுக்கும் அம்மாளுக்கும் தனித்தனிப் படியாகக் கொடுத்து, நான்கு பேரிடமும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் ஒப்பமிட்ட பக்கங்களின் நகலைப் பெரிய மகன் கையில் கொடுத்தேன். கடைசி வரியை நின்றபடியே படித்தார். "இது அப்பா கையெழுத்துதான்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. நோட்டீஸ் அதோடு நின்றது. புத்தகமும் அதோடு நின்றது. புகைப்படங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அவர் வீட்டு ஆல்பத்தில் இருந்த பாதிப் படங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தவை. படம் கையில் இருப்பதால் அச்சிடும் உரிமை வந்துவிடாது. புத்தகம் அச்சுக்குப் போயிருந்தால் அதிலும் மாட்டியிருப்பேன்.

இந்த ஆண்டு மறுபடியும் ஓர் அழைப்பு வந்தது. முன்னாள் ஊராட்சி ஒன்றியத் தலைவர், எழுபது வயதுப் பெண்மணி. பதவியில் இருந்த ஐந்தாண்டைப் புத்தகமாக்க வேண்டும் என்கிறார். இந்த முறை நான்கு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போனேன். தொகை நான்கு கட்டம்: தொடக்கத்தில், 20 மணி நேரப் பதிவு முடிந்ததும், முதல் வரைவில், பிரதியை ஒப்படைக்கும் நாளில். பயணச் செலவு தனி. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் சுருக்கொப்பம். அட்டையில் என் பெயர் உண்டா, உள்ளே நன்றியுரையில் மட்டுமா என்பதற்கு ஒரு வரி. அப்துல் கலாமின் வாழ்க்கை நூலில் உடன் எழுதிய அருண் திவாரியின் பெயரும் அச்சாகியிருப்பதைக் காட்டித்தான் அதைக் கேட்டேன். பதிப்புரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த எல்லைக்குள் என்பதற்கு ஒரு பத்தி. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் முடிவெடுக்கப் போகும் ஒரே ஆள் யார் என்பதற்கு ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்தியைப் பேசத்தான் பயந்தேன். எழுபது வயதானவரிடம் 'நீங்கள் இறந்துவிட்டால்' என்று எப்படித் தொடங்குவது?

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்தார். அந்தப் பத்தி வந்ததும் குரல் மாறவில்லை. மருமகள் பெயரைப் போடச் சொன்னார், மகன் பெயரை அல்ல. பிறகு பேனாவை வாங்கித் தானே ஒரு வரியைச் சேர்த்தார்: தன் கணவரைப் பற்றிய அத்தியாயத்தை அச்சுக்கு முன் தன் நாத்தனாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, முன்பணத்தை எண்ணி என்னையும் எண்ணச் சொல்லி, "சரி, அந்தக் கருவியைப் போடுங்கள்" என்றார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துண்டை மடித்து வைத்து, அன்றைய தேதியைச் சொன்னேன்.